ஐஸ் அக்காவும் காய்ச்சல் கண்ட லேப்டாப்பும்

கொச்சி மட்டாஞ்சேரியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரின் மேல் புறங்கையை வைத்துப் பார்த்து, "நல்ல காய்ச்சல் இருக்கே" என்று கவலைப்பட்ட ஒரே ஆள் ஐஸ் அக்காதான்.

பொள்ளாச்சியிலிருந்து போய் அங்கே ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவின் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். அக்காவின் குடும்பம் தாத்தா காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். அக்காவின் கணவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருக்கு நகரசபையில் வேலை. அக்காவுக்கு ஐஸ் வியாபாரம். இடக்கொச்சியிலிருந்து வரும் ஐஸ் கட்டிகளை மரச்சுத்தியலால் உடைத்து, மீன்காரர்களுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் அனுப்புவார். சுத்தியல் கையில் இருக்கும்போது அவரோடு யாரும் பேரம் பேசி நான் பார்த்ததில்லை.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வயது முப்பத்துநாலு. ஊரில் அம்மா எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார். "பையன் சாயங்காலம் வீட்டை விட்டு வெளியே போகமாட்டான்" என்பதை என் பெரிய தகுதியாகச் சொல்லி வந்தார். ஏன் போகமாட்டேன் என்பது அம்மாவுக்குத் தெரியாது.

சின்ன வயதில் எதிர்வீட்டுப் பையனிடம் டிவியில் மாட்டி ஆடும் ஒரு கேம் பெட்டி இருந்தது. அவன் ஆடுவான், நான் பார்ப்பேன். ஒரு கிராமத்துப் பையன் வாளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கடைசியில் அரக்கனின் கோட்டையைப் பிடிக்கிற ஆட்டம். இப்போது அந்தப் பெட்டி இல்லாமலே, அதைப் போலவே நடிக்கிற எமுலேட்டர் என்கிற மென்பொருளை லேப்டாப்பில் போட்டு ஆடலாம். போட்டேன். என் லேப்டாப்புக்கு அந்த வேடம் கொஞ்சம் கனமாகிவிட்டது. வீரன் ஓங்கிய வாள் கீழே இறங்குவதற்குள் நான் ஒரு வாய் சாயா குடித்துவிடலாம். பாட்டு, பேட்டரி தீர்ந்த டேப் ரெக்கார்டர் போல இழுத்தது. லேப்டாப்பின் ஃபேன் மட்டும் உயிரைக் கொடுத்து இரைந்தது.

அந்த இரைச்சலைக் கேட்டுத்தான் அக்கா முதல்முறை மேலே வந்தார்.

"எந்தா தம்பி, மிக்ஸி வாங்கினியா? சட்னி அரைக்கிற மணம் ஒண்ணும் வரலையே."

"இல்லக்கா, இது லேப்டாப்."

அக்கா திரையைப் பார்த்தார். என் வீரன் தண்ணீருக்குள் நடப்பதுபோல நடந்துகொண்டிருந்தான். "இவனுக்கு என்ன, வாதமா?" என்று கேட்டு, லேப்டாப்பின் மேல் புறங்கையை வைத்தார். அப்போதுதான் காய்ச்சல் தீர்மானமானது.

மறுநாள் சாயங்காலம் ஒரு தாம்பாளத்தில் சாக்கு விரித்து, பெரிய ஐஸ் கட்டியோடு வந்துவிட்டார். ஐஸ் மேல் இட்லித் தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் லேப்டாப்பை வைத்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஃபேன் அடங்கியது. பாட்டு நிமிர்ந்தது. வீரன் துள்ளி ஓடினான். ஓடிய வேகத்தில் முதல் குட்டிப் பிசாசிடமே அடிபட்டுச் செத்தான்.

திரும்ப ஆடினேன். திரும்பச் செத்தான். அன்றைக்குத்தான் எனக்கு உண்மை தெரிந்தது. அதுவரை நான் ஜெயித்ததெல்லாம் என் திறமையால் இல்லை. லேப்டாப் மெதுவாக ஓடியதால், எந்தப் பொத்தானை அழுத்தலாம் என்று உட்கார்ந்து யோசிக்க எனக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

"சுகமானதும் உனக்கு ஆடத் தெரியலையே" என்றார் அக்கா.

இதற்குள் ஐஸ் உருகித் தாம்பாளம் வழிந்து, மரப்பலகைத் தரையின் இடுக்கு வழியே கீழே சொட்ட ஆரம்பித்திருந்தது. கீழே டிவி பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "மழையா?" என்று குரல் கொடுத்தார். "இல்ல, தம்பிக்கு வைத்தியம்" என்றார் அக்கா. அண்ணன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவர் எப்படிக் காலம் தள்ளினார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

அதற்குப் பிறகு அக்கா தினமும் வந்தார். பார்ப்பதோடு நிற்கவில்லை, கேள்வியும் கேட்டார். எமுலேட்டரில் ஆட்டத்தைச் சேமிக்க இரண்டு வழி. ஆட்டத்துக்குள் ஊருக்கு ஊர் சத்திரம் உண்டு. அதுவரை நடந்து போய்ப் படுத்தால் எல்லாம் பதிவாகும். இல்லையென்றால், நின்ற இடத்திலேயே ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த நொடி அப்படியே பதிந்துவிடும். நான் எந்த ரகம் என்று சொல்லத் தேவையில்லை.

"பையன் எத்தனை தூரம் நடந்து வர்றான். ஒரு ராத்திரி படுக்க விடாம பட்டனை அமுக்கறியே. மனசாட்சி வேணும், கேட்டோ" என்பார் அக்கா.

இப்படியே இரண்டு வருடம் போனது. வீரன் கோட்டைக்குப் பக்கத்து ஊர் வரை வந்துவிட்டான். அப்போதுதான், எமுலேட்டரின் புதுப் பதிப்பு பிரமாதமான வேகம் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்ததைப் படித்தேன். இறக்கினேன். பழையது கிடந்து குப்பை சேரவேண்டாம் என்று, அதை ஃபோல்டரோடு அழித்தேன். லேப்டாப்பின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். இவ்வளவு சுத்தமாக நான் என் அறையைக்கூட வைத்துக்கொண்டதில்லை.

புதுப் பதிப்பு உண்மையிலேயே பறந்தது. ஆனால், பொத்தானை அழுத்திப் பதிந்த என் இரண்டு வருடமும் அந்த ஃபோல்டருக்குள்தான் இருந்திருக்கிறது. மிஞ்சியது, வேறு இடத்தில் பதிந்திருந்த ஒரே ஒரு சத்திரம். ஆட்டத்தின் முதல் ஊர்ச் சத்திரம். அங்கே என் வீரன் மரக்கத்தியோடு நின்றான்.

மறுநாள் காலை ஆபீசுக்குக் காய்ச்சல் என்று போன் செய்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். ஏன் படுத்திருக்கிறேன் என்று பார்க்க வந்த அக்காவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அக்கா உடனே கீழே போனார்.

கொஞ்ச நேரத்தில் சாயாக்கடைச் சேட்டன் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பின்னாலேயே வெங்காய மண்டி ராவுத்தர் தொப்பியைச் சரிசெய்தபடி வந்தார்.

"ரெண்டு வருசமா கூடவே இருந்த பையனாமே. ஐஸ் அக்கா சொல்லுச்சு. என்ன வயசு தம்பி?"

"லெவல் அறுபத்திரண்டு" என்றேன்.

"அறுபத்திரண்டா? அப்ப பையன் இல்லையே" என்றார் ராவுத்தர்.

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்த நேரத்தில், ஆரஞ்சுப் பழங்களோடு எங்கள் மேனேஜர் படியேறி வந்தார். பாலக்காட்டுக்காரர், தமிழ் பேசுவார்.

"காய்ச்சல்னு சொன்னே. கீழே மரணம்னு சொல்றாங்க. ரெண்டுல எது?"

என்னைப் பேசவிடாமல் அக்கா பதில் சொன்னார். "ரெண்டும்தான் சாரே. மரணம் கேம்ல இருந்த பையனுக்கு. காய்ச்சல் லேப்டாப்புக்கு. அதுவும் இப்ப சுகமாயிருச்சு."

மேனேஜர் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்து, அவரே தின்றார். நான் நடந்ததை முழுதும் சொன்னேன். சேட்டனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ராவுத்தர் மட்டும், "போனது போனதுதானே தம்பி" என்று என் தோளைத் தட்டினார்.

"பேக்கப் எடுக்கலையா?" என்று கேட்டார் மேனேஜர்.

"இல்ல சார்."

கேட்ட பிறகுதான் அவருக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் கம்பெனிக் கணக்குக்குத் தினமும் பேக்கப் எடுக்கும் ஆள் நான்தான். மிச்ச ஆரஞ்சுகளைக் கட்டிலில் வைத்துவிட்டு வேகமாகப் படியிறங்கினார். ஆபீஸில் பேக்கப் ஒழுங்காகத்தான் இருந்தது. இருந்தாலும் அந்த வாரமே அந்த வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். நான் வருத்தப்படவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

அன்று சாயங்காலம் அக்கா வந்து லேப்டாப்பைத் திறந்தார்.

"அந்தப் பையன் சத்திரத்துல தனியா நிக்கறான். வா, கூட்டிட்டுப் போலாம்."

"முதல்ல இருந்தா? என்னால முடியாதுக்கா."

"நீ ஆடு. நான் பார்த்துட்டு இருக்கேன். எனக்கு வேற எந்தா பணி இருக்கு?"

அவருக்கு ஆயிரம் பணி இருந்தது. இருந்தும் உட்கார்ந்தார். இந்தமுறை எதையும் தாண்டிப்போக விடவில்லை. வழியில் நிற்கும் கிழவன், கிணற்றடிப் பெண் எல்லோரிடமும் போய்ப் பேசவைத்து, அவர்கள் சொல்வதை எல்லாம் என்னைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். முன்பு ஓடித் தாண்டிய ஊர்களில் இத்தனை பேர் இருந்தார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன வருடம் கம்பெனி இடப்பள்ளிக்கு மாறியது. நானும் மாறினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் செய்வார். சாப்பாடு, மழை, அம்மா பார்த்த பெண் என்னை வேண்டாம் என்று சொன்னது எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் கேட்பார்.

"பையன் எங்க வரை எத்தினான்?"

"இன்னும் கொஞ்ச தூரம் இருக்குக்கா" என்பேன்.

பையன் கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர்ந்து பல மாதம் ஆகிறது. கதவைத் திறந்து நாலு அடி அடித்தால் ஆட்டம் முடிந்துவிடும். நான்தான் அவனை உள்ளே அனுப்பாமல் வைத்திருக்கிறேன். முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எதைக் கேட்க போன் செய்வார்?