கிளட்ச் அண்ணாச்சியின் வலது சீட்டு

தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் கார் ஓட்டுகிற ஒருவரும் தானாகக் கற்றுக்கொண்டவரில்லை. எல்லோரும் கிளட்ச் அண்ணாச்சியிடம் திட்டு வாங்கியவர்கள். போலீஸ்காரர், டாக்டர், அரிசி மண்டி முதலாளி, யாராயிருந்தாலும் "ஏலே, கிளட்ச்சை விடாத, விடாதங்கேம்லா" என்ற அர்ச்சனை பாரபட்சமில்லாமல் கிடைக்கும். அவருடைய நிஜப் பெயர் டிரைவிங் ஸ்கூல் போர்டில் இருக்கிறது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

பயிற்சிக் காரில் இடது பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அந்த சீட்டுதான் அவருக்கு சிம்மாசனம். புளியறை தாண்டி மலைப்பாதையில் வைத்துத்தான் வளைவு சொல்லித்தருவார். வளைவு வந்தால் இண்டிகேட்டர் போடணும், ஹாரன் அடிக்கணும். எதிரே ஈ காக்கை இல்லாவிட்டாலும் அடிக்கணும்.

போன சாரல் சீசனில் இலத்தூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் ஆட்டோகிராஸ் நடந்தது. ஆரஞ்சுக் கூம்புகளை வைத்து, அவற்றைத் தட்டாமல் வளைந்து வளைந்து யார் சீக்கிரம் ஓட்டுகிறார்கள் என்று, ஒவ்வொரு காராக விட்டு நேரம் பார்ப்பார்கள். நடத்த வந்தவர்கள் வெளியூர்ப் பையன்கள். கலந்துகொண்டவர்கள் அத்தனை பேரும் அண்ணாச்சியின் மாணவர்கள்.

முதல் கார் சீறிப் பாய்ந்து, முதல் கூம்பில் இண்டிகேட்டர் போட்டு ஹாரன் அடித்தது. அடுத்த காரும் அப்படியே. மைக் பிடித்த பையன், "சார், டிராக்ல உங்களைத் தவிர யாருமே இல்ல சார்" என்று கெஞ்சினான். என் முறை வந்தது. அடிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எல்லாக் கூம்புக்கும் அடித்தேன். என் ஆபீஸ் மொத்தமும் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. மானம் கப்பலேறியது.

ஓரமாக நின்ற அண்ணாச்சிக்கோ தலைகால் புரியவில்லை. "எல்லாம் நம்ம பயலுவ" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மைக் பையன் சும்மா இருக்காமல், "அப்போ குருவே ஒரு ரவுண்டு போகட்டுமே" என்றான். கூட்டம் கைதட்டியது.

"போயிருவோம். நீயும் ஏறுலே" என்றார் என்னிடம். பக்கத்தில் ஒருவர் உட்காரலாம் என்று விதியிருந்தது. பயிற்சிக் காரை நான் புறப்படும் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஹெல்மெட் மாட்டி இடம் மாறினோம். வலது சீட்டில் உட்கார்ந்ததும் அவருடைய வலது கை, இடது சீட்டு ஞாபகத்தில் ஸ்டீயரிங்கைத் தேடி ஜன்னலுக்கு வெளியே போனது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணாச்சி கார் ஓட்டி யாருமே பார்த்ததில்லை. காலையில் அவரை ஸ்கூலுக்குக் கூட்டிவருவதும் ஒரு மாணவன், சாயங்காலம் வடகரையில் வீட்டில் விடுவதும் ஒரு மாணவன். லைசென்ஸ் இருக்கிறது. வலது சீட்டில் உட்கார்ந்து எத்தனை காலமானதோ.

வண்டி ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி குதித்து நின்றது. கைதட்டல் அடங்கி, எங்கேயோ ஒருவர் சிரிப்பது கேட்டது.

"ஏலே, எறங்கிருவோமா? பயலுவ எல்லாம் பாக்கானுவ."

அவர் அத்தனை மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. என் ஹாரன் வெட்கமெல்லாம் எங்கோ போய்விட்டது. அவருக்காக எனக்கு உடம்பெல்லாம் கூசியது. குனிந்து பார்த்தேன். என் காலடியில் கிளட்ச்சும் பிரேக்கும் இருந்தன.

"அண்ணாச்சி, கிளட்ச்சு நான் பாத்துக்கிடுதேன். நீங்க ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சு, வளைச்சு மட்டும் குடுங்க."

வண்டி நகர்ந்தது. முதல் கியரை விட்டு மாறவேயில்லை. ஒவ்வொரு கூம்புக்கும் இண்டிகேட்டர் போட்டார், ஹாரன் அடித்தார். வரிசையில் நின்ற கார்களெல்லாம் கூடவே ஹாரன் அடித்தன. கடைசிக் கூம்பு வண்டிக்கு அடியில் சிக்கி, முடிவுக் கோடு வரை எங்களோடு வந்து சேர்ந்தது. எங்களுக்குத்தான் கடைசி இடம்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "இருக்கட்டும்லே. மூஞ்சி தெரியாம இருக்கட்டும்."

போட்டியில் ஜெயித்த போலீஸ்காரர் ஜன்னலருகே வந்தார். சிரிக்கத்தான் வருகிறார் என்று எனக்குப் பதறியது. அவர் குனிந்து, "அண்ணாச்சி, நாங்க எப்ப உங்களுக்கு இந்த சீட்டைக் குடுத்தோம்? எல்லா நாளும் நாங்கள்லா உக்காந்துக்கிட்டோம்" என்றார். அண்ணாச்சி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது பழக்கதோஷத்தில் இடது பக்கமாக வந்தார். நான் கதவை மறித்து நின்றுகொண்டேன்.

"இங்கன நான் இருக்கேன். நீங்க அங்கன போங்க."

"ரோட்டுலயா? பயமா இருக்குலே."

"நான் இருக்கேம்லா அண்ணாச்சி."

வடகரை வரைக்கும் அவரே ஓட்டினார். பின்னால் தேங்காய் லாரிக்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். இவ்வளவு பெருமையாக நான் யாருக்கும் பிரேக் பிடித்ததில்லை.