இமெல்டாவின் கடப்படியில் ஜீப்

வெள்ளை ஜீப் இன்றைக்கும் இமெல்டாவின் வேலி வாசலில், அவளுடைய கடப்படியில்தான் வந்து நின்றது.

சுலோஜனா அரிசி களைந்துகொண்டிருந்த பானையை அப்படியே வைத்துவிட்டு வேலியோரம் போனாள். கிடுகு வேலியில் அவளுக்கென்று ஓர் ஓட்டை இருந்தது. அது கடற்காற்றில் தானாக விழுந்தது என்று கணவன் அழகரத்தினத்திடம் சொல்லிவைத்திருந்தாள். தானாக விழுந்த ஓட்டை எப்படிச் சரியாக அவளுடைய கண் உயரத்தில் விழுந்தது என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனுசன்.

ஜீப்பிலிருந்து மிட்வைஃப் தனுஷா இறங்கினாள். பின்னால் சாரதி மஜீட், துணியால் மூடிய ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அடுத்த வீட்டு இமெல்டா சிரித்த முகத்தோடு வந்து இருவரையும் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

சுனாமி வந்து ஒரு வருடம் கழிந்திருந்த காலம் அது. தேற்றாத்தீவில் வெள்ளை ஜீப் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அந்த வீட்டுக்கு ஏதோ கிடைக்கிறது என்று அர்த்தம். கூரைத் தகரம், வலை, சைக்கிள், கோழிக்குஞ்சு எல்லாம் அப்படித்தான் வந்தன. ஜீப் நிற்காத வீட்டுக்காரர், நிற்கிற வீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது அந்த நாட்களில் ஊர் வழக்கமாகவே இருந்தது. சுலோஜனா அதைக் கொஞ்சம் கூடுதலாகச் செய்தாள்.

இரண்டு வீட்டிலும் உயிர்கள் தப்பியிருந்தன. அதற்காக இமெல்டா மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். சுலோஜனா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அதுவரைக்கும் இருவரும் சமம்தான். ஆனால் இமெல்டாவின் வீட்டைக் கடல் அடியோடு கொண்டுபோயிருந்தது. சுலோஜனாவின் வீட்டில் பின்சுவர் மட்டும்தான் விழுந்தது. முழுச் சேதத்துக்குப் புது வீடு கட்டிக் கொடுத்தார்கள். பாதிச் சேதத்துக்குச் சீமெந்தும் தகரமும் கொடுத்தார்கள்.

"கடல்கூட அவளுக்கு முழுசா, எனக்கு அரைவாசி" என்றாள் சுலோஜனா ஒருநாள்.

"வாயக் கழுவு புள்ள" என்றார் அழகரத்தினம்.

இவ்வளவு பொறாமைக்கு நடுவிலும் அவளுக்கு யாரிடமும் சொல்லாத ஒரு கவலை இருந்தது. இடப்பக்க மார்பில், அக்குளுக்குக் கிட்ட, புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒன்று கையில் தட்டுப்பட்டது. நோகவில்லை. போகவும் இல்லை. நல்லெண்ணெய் பூசிப் பார்த்தாள். பிள்ளையாருக்கு நேர்ந்து பார்த்தாள். அது இருந்த இடத்திலேயே இருந்தது. மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த நேரம். தாய்க்கு அந்த நோயாம் என்று ஒரு சொல் வெளியே போனால், வந்த சம்பந்தம் வந்த வழியே திரும்பிவிடும். ஆகையால் செத்தாலும் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தாள்.

பொறாமையில் அவளுக்கு ஒரு வசதி இருந்தது. வேலி ஓட்டையில் கண்ணை வைத்திருக்கும் நேரத்தில் அந்தப் புளியங்கொட்டை நினைவுக்கு வருவதில்லை.

அன்றைக்கு அவள் அழகரத்தினத்தை அனுப்பினாள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சாரதியிடம் சும்மா கதைகொடுத்துக் கேட்டுவர வேண்டும். அழகரத்தினம் போனார். மஜீட் ஜீப்பில் சாய்ந்து கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தான். கேள்வியைக் கேட்டதும் அவனுடைய முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. வயதில் மூத்த ஆளிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கச்சானில் பாதியை அவருடைய கையில் கொட்டிவிட்டு, மறுபக்கம் பார்த்தபடி ஏதோ சொன்னான்.

அழகரத்தினம் வந்து அதை அப்படியே ஒப்புவித்தார்.

"அது பொம்பிளையளுக்குரிய சாமானாம். நமக்கெதுக்கு அண்ணன் எண்டு கேட்டான்."

சுலோஜனா யோசித்தாள். "பெட்டிய ஒரு கையால தூக்கினவனா, ரெண்டு கையாலயா?"

"ரெண்டு கையாலயும்தான்."

"மறுகா என்ன, தையல் மெசின்தான்."

மறுநாள் காலை அவள் கிராம சேவகரிடம் போனாள். சுனாமிக்குப் பிறகு அந்த மனிதர், பெண்கள் வேகமாக நடந்து வருவதைக் கண்டால் பின்வாசலைப் பார்க்கும் அளவுக்கு முறைப்பாடுகளைக் கேட்டிருந்தார். அன்றைக்கு அவர் பின்வாசலுக்கு எழும்புவதற்குள் சுலோஜனா வந்துவிட்டாள். தையல் மெசின் எதுவும் தன் பகுதிக்கு வரவில்லை, வந்தால் தனக்குத் தெரியாமல் இருக்காது என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னது முழு உண்மை. அவளுக்கோ அது ஒன்றே போதுமானதாக இருந்தது. கிராம சேவகருக்கே தெரியாமல் கொடுக்கிறார்கள் என்றால் எவ்வளவு பெரிய மெசினாக இருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் சந்திக் கடை இரத்தினம்மாவிடம் விசயத்தைச் சொன்னாள். வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னாள். இரத்தினம்மாவிடம் எதையாவது ஊருக்குள் பரப்ப வேண்டுமானால் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

பின்னேரத்துக்குள் ஒரு மெசின் வீட்டுக்கொரு மெசினாகிவிட்டது. அதற்கு மோட்டரும் பூட்டியாயிற்று. மேசையும் சேர்த்துத் தருவதாக ஒருத்தி சொன்னாள். தையல் படிக்கப் போகிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சலும் உண்டு என்றாள் இன்னொருத்தி. தான் கிளப்பிய செய்தி சுற்றிவந்து தன் காதிலேயே விழுந்தபோது, அதில் தனக்குத் தெரியாத விவரங்கள் பல இருந்ததால் சுலோஜனா அதையும் நம்பினாள். நெஞ்செரிச்சல் இரட்டிப்பாகியது.

இனிப் பொறுக்க முடியாது என்று கிணற்றடிக்குப் போய் இமெல்டாவை நேரே கேட்டாள். "என்னகா, உங்கட வீட்டுக்கு மிஸ்மார் வந்து போறாங்க, எங்களுக்கு ஒரு சொல்லுக் கிடையாதா?"

இமெல்டா வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். "வாற புதன்கிழமையும் வாறாங்க அக்கா. நீங்க வேலையா இருப்பீங்க, உங்களுக்கு இது தேவைப்படாது எண்டுதான் சொல்லேல்ல."

தேவைப்படாது. அந்தச் சொல் சுலோஜனாவின் தொண்டையில் மீன்முள் மாதிரிக் குத்தி நின்றது. இமெல்டாவுக்குத் தேவைப்படுகிற ஒன்று இவளுக்கு எப்படித் தேவைப்படாமல் போகும்?

புதன்கிழமை ஜீப் வந்து நின்றதும், ஒழுங்கையிலுள்ள பெண்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு அவள் இமெல்டாவின் வளவுக்குள் நுழைந்தாள். இரத்தினம்மா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தாள். மெசினைக் கொண்டுபோக ஒருத்தி தள்ளுவண்டிகூடக் கொண்டுவந்திருந்தாள்.

"முதலாவது ஆள் நான்தான்" என்று முற்றத்தில் நின்று அறிவித்தாள் சுலோஜனா. "எனக்குப் பிறகுதான் மத்தாக்கள். சொல்லிப்போட்டன்."

தனுஷா மிஸ் இந்தப் பக்கத்து ஊர்களிலெல்லாம் கூட்டம் வைத்துக் களைத்துப்போனவள். போன மாதம் பொது மண்டபத்தில் வைத்த கூட்டத்துக்கு மண்டபத்தைத் திறந்துவிட்டவர் மட்டும்தான் வந்திருந்தார். அவரும் ஆண். இப்போது முற்றம் நிறையப் பெண்கள் நிற்பதைக் கண்டதும் அவசரமாகப் பாய்களை விரிக்கச் சொன்னாள். எல்லாரையும் பாயில் இருத்தினாள். தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். பிறகு மேசையில் இருந்த பெட்டியின் துணியை எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளே இருந்ததை வெளியே வைத்தாள்.

ரப்பரில் செய்த ஒரு மார்பு.

இரத்தினம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்ட வந்தாள்.

"இது மெசின்ட எந்தப் பக்கத்துத் துண்டு மிஸ்?"

பிறகுதான் சிரிப்பு வெடித்தது. தள்ளுவண்டிக்காரி வண்டியை மெல்ல மாமரத்துக்குப் பின்னால் மறைத்தாள். மிஸ்ஸும் சிரித்தாள். சிரித்து முடிந்ததும், வெட்கப்படாமல், ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். மார்பில் புற்றுநோய் எப்படி வருகிறது, நோவே இல்லாமல் வருவது ஏன் ஆபத்து, நேரத்தோடு பிடித்தால் எப்படிச் சுகமாக்கலாம், மாதத்துக்கு ஒருமுறை குளிக்கும்போது விரல்களைத் தட்டையாக வைத்து எப்படித் தடவிப் பார்ப்பது. ரப்பருக்குள் ஓர் இடத்தில் கட்டி மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்களாம். யார் தேடி எடுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

எல்லாரும் முதலாவது ஆளைப் பார்த்தார்கள்.

சுலோஜனா விரல்களை வைத்தாள். மற்றவர்கள் தேடியிருந்தால் நேரம் எடுத்திருக்கும். அவளுடைய விரல்களுக்கு அந்த அளவும் அந்த வழுக்கலும் பழக்கமானவை. நேரே அந்த இடத்தில் போய் நின்றன.

"இஞ்ச கிடக்கு" என்றாள்.

கெட்டிக்காரி என்றாள் மிஸ். இனி விரும்பியவர்கள் ஒவ்வொருவராக அறைக்குள் வரலாம், தானே பார்த்துச் சொல்வதாகவும் சொன்னாள். அறை வாசலில் இமெல்டாவின் பழைய சேலை ஒன்று திரையாகத் தொங்கியது.

சுலோஜனா கடப்படிப் பக்கம் திரும்பினாள். அடுப்பில் சோறு கிடக்கிறது என்றாள். சோறு வடித்துவிட்டுத்தானே வந்தாய் என்றார்கள். மகள் தனியே இருக்கிறாள் என்றாள். மகள் அழகரத்தினத்தோடு களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போனதை எல்லாரும் கண்டிருந்தார்கள். முதலாவது ஆள் என்று கத்தியது யார் என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். இப்போது ஓடினால், இந்தப் பெண்களில் ஒருத்தியும் அந்தத் திரைக்குப் பின்னால் போகமாட்டாள். சிரிப்பு மட்டும் ஊர் முழுக்கப் போகும்.

கடைசியாக ஒரு வழி தெரிந்தது. "வீட்டுக்காரி முதல் போகட்டும். அதுதானே மரியாதை."

இமெல்டா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். "நான் போன கிழமையே காட்டிட்டன் அக்கா. இந்த ஊரில முதல் பாத்தது என்னத்தான் எண்டு மிஸ் சொன்னவ."

இதிலும் அவள்தான் முதல்.

சுலோஜனா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, திரையை ஒதுக்கி, உள்ளே போனாள்.

உள்ளே மிஸ்ஸின் கை ஓர் இடத்தில் நின்றது. திரும்ப வந்து அதே இடத்தில் நின்றது. அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே சுலோஜனாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"தெரியும் மிஸ். வெளியில தெரிய வேணாம். மகளுக்குப் பேசிக்கொண்டிருக்கம்."

தனுஷா அவளுடைய சட்டையைச் சரிசெய்து விட்டாள். "கலியாணத்துக்குத் தாய் இரிக்க வேணாமா அக்கா?"

வெள்ளிக்கிழமை ஜீப்பில் தானே மட்டக்களப்புக்குக் கூட்டிப்போவதாகவும், யாருக்கும் எதுவும் சொல்வதில்லை என்றும் வாக்குக் கொடுத்தாள். சுலோஜனா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். பெண்கள் எல்லாரும் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகத்தில் என்ன தெரிகிறதோ அதை வைத்துத்தான் அவர்கள் திரைக்குள் போவதும் வீட்டுக்குப் போவதும்.

"என்ன பாக்கிறீங்க? எனக்கு ஒண்டுமில்ல. கை வச்சுப் பாக்கிறதுதான், நோகாது" என்றாள் சுலோஜனா. "இரத்தினம்மாக்கா, நீங்க போங்க."

இரத்தினம்மா போனாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லாரும் போனார்கள். தனக்குள் கிடந்த பயத்தை வெளியே காட்டாமல் அன்றைக்கு அவள் சொன்ன அந்தப் பொய்யை, ஆண்டவன் புண்ணியக் கணக்கில்தான் எழுதியிருப்பான்.

பெரியாஸ்பத்திரியில் கட்டியை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நல்ல கட்டி இல்லை. ஆனால் ஆரம்பம்தான். மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குச் சில தடவை போய்வர வேண்டியிருக்கும், பயப்பட ஒன்றுமில்லை, இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் கதை வேறு என்றார் டாக்டர்.

அவள் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்த நாட்களில் இமெல்டா இரண்டு வீட்டுக்கும் சேர்த்து உலை வைத்தாள். பார்க்க வந்த அழகரத்தினம், இமெல்டா வைக்கிற மீன் குழம்பைப் பற்றி ஒருதரம் வாய் தவறிப் புகழ்ந்துவிட்டார். சுலோஜனா தையல் போட்ட நோவோடும் எழும்பி உட்கார்ந்து, அதில் புளி எவ்வளவு விடுகிறாள் என்று கேட்டாள். அதைக் கேட்டதும்தான் மனைவி பிழைத்துவிட்டாள் என்று அவருக்கு நம்பிக்கை வந்தது.

வீடு திரும்பும் நாளில் அதே வெள்ளை ஜீப் வந்தது. சுலோஜனா முன் ஆசனத்தில் ஏறிக்கொண்டாள். கல்லடிப் பாலத்துச் சென்றிக் காவலில் ஆமிக்காரன் எட்டிப் பார்த்து, போகச் சொல்லிக் கையைக் காட்டினான். வழியெல்லாம் அவள் ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்தாள். இமெல்டா எத்தனை தரம் ஜீப் வந்தாலும் அதில் ஏறியதில்லை. முன் ஆசனத்தில் இருந்து ஊருக்குள் போகிற முதல் ஆள் இவள்தான். ஆனால் இறங்குவது எந்தக் கடப்படியில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

தேற்றாத்தீவுச் சந்தி திரும்பியதும் அவள் வாயைத் திறந்தாள்.

"தம்பி, இண்டைக்காவது ஜீப்ப என்ட கடப்படியில நிப்பாட்டுங்க. எத்தின நாளைக்குத்தான் அவட வாசல்லயே நிப்பாட்டுவீங்க?"

மஜீட் வேகத்தைக் குறைத்தான்.

"நாங்க முதல் நாள் வந்ததே ஒங்கட வீட்டுக்குத்தான் அக்கா. கிணத்தடியில ஒங்களப் பாத்திட்டு, ஒங்களுக்கு ஏதோ சுகமில்லப்போல எண்டு மிஸ்ஸிட்டச் சொல்லிக் கூப்பிட்டதே இமெல்டா அக்காதான். மறுகா அவவேதான் ஜீப்ப மறிச்சுச் சொன்னவ, ஒங்கட கடப்படியில நிப்பாட்டினா நீங்க காட்ட வரமாட்டீங்களாம், தன்ட கடப்படியில நிப்பாட்டினா வராம இரிக்க மாட்டீங்களாம்."