மெட்டால் நிரம்பிய கொம்பியூட்டர்

வாயைத் திறந்தால் மெட்டு போய்விடும். அதனால் ஜவுபர் உதட்டை இறுக்கிக்கொண்டு, மூக்கால் முனகியபடி சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தான்.

கல்முனை பஸ் டிப்போவுக்கு முன்னால், கிளம்ப மறுத்து உறுமிக்கொண்டு நின்ற பழைய பஸ் ஒன்றுதான் அவனுக்குத் தாளம் கொடுத்தது. தான் மருந்து எடுத்துக் கொடுக்கும் பாமசி வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தாளத்தின் மேல் மெட்டு தானாக வந்து குந்திவிட்டது. உடனே முதலாளியிடம் ஓடி வயிற்றைப் பிடித்துக் காட்டினான். வயிற்றோட்டமாக்கும் என்று நினைத்த அவர் லீவும் கொடுத்து, தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஒரு ஜீவனிப் பக்கற்றும் கையில் திணித்து அனுப்பினார்.

சும்மா ஒரு மெட்டு என்றால் இந்தப் பாடு தேவையில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் கிழக்கொளி விளையாட்டுக் கழகத்தின் புது மைதானத் திறப்பு. பழைய மைதானம் கடற்கரையோரம் இருந்தது. சுனாமி கோல் கம்பங்களையும் எடுத்து, விளையாடிய பிள்ளைகள் சிலரையும் எடுத்துப் போனது. கழகச் செயலாளர் ஷரிபுதீனின் தம்பி அந்த அணியின் கோல் கீப்பர், அவனும் போய்விட்டான். இப்போது யுத்தம் முடிந்து பாதை திறந்திருக்கிறது. யாழ்ப்பாணத்து அணி ஒன்று முதன்முதலாக இந்தப் பக்கம் விளையாட வருகிறது. கழகத்துக்கென்று ஒரு பாட்டு வேண்டாமா என்று கூட்டத்தில் ஷரிபுதீன் கேட்டபோது, பின்வரிசையிலிருந்து ஜவுபர் எழும்பினான்.

"நான் போட்டுத் தாறன். சொந்த மெட்டு. சினிமா மெட்டுக்குள்ள ஊர்ப்பேரச் செருகிற வேல என்னட்ட இல்ல!"

சபை கைதட்டியது. ஜவுபருக்குச் சட்டை இறுகியது. "வெள்ளிக்கு வராட்டி, நான் சினிமாப் பாட்டுத்தான் போடுவன். மறுகா கோவிக்கப்படாது" என்றான் ஷரிபுதீன்.

இன்று புதன்கிழமை.

கல்முனைக்குடிப் பள்ளிவாசல் சந்தியில், பாங்கு சொல்லும் மோதினார் எதிரே வந்தார். வந்த மனுசன் பேசாமல் போயிருக்கலாம்.

"அஸ்ஸலாமு அலைக்கும், ஜவுபர்!"

யா அல்லாஹ்! ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் போனால் பாவம். வாயைத் திறந்தாலோ மெட்டு போச்சு. ஒரு நொடி தடுமாறிய ஜவுபர் இரண்டையும் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தான். "வஅலைக்கு... மு... ஸ்ஸலா... ஆஆம்!" என்று ஸலாத்தை அந்த மெட்டிலேயே இழுத்துப் பாடிவிட்டு மூலையில் திரும்பி மறைந்தான். மோதினார் நடுத்தெருவில் அப்படியே நின்றார்.

வீட்டுக்குள் பாய்ந்தபோது, கொம்பியூட்டர் இருக்கும் அறையிலிருந்து மாமி சரீபா தும்புத்தடியோடு வெளியே வந்தாள். மருமகனைக் கண்டதும் திடுக்கிட்டாள்.

"என்ன மகன், இந்த நேரத்துல? நான் அறையக் கூட்டினன்."

ஜவுபர் வயிற்றைப் பிடித்துக் காட்டினான். பழக்கதோஷம்.

அந்த வீடு மனைவி முனவ்வறாவின் சீதனம். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, சரீபாவும் அவள் புருஷன் பதியுதீன் மரைக்காரும் பின்வளவில் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். ஜவுபர் பாமசிக்கும், முனவ்வறா பாலர் பாடசாலைக்கும் போனால் காலையில் வீட்டைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான்.

கொம்பியூட்டரும் மாமியால்தான் வந்து சேர்ந்தது. சுனாமிக்குப் பிறகு உதவி கொடுக்க வந்த ஒரு நிறுவனத்திடம் சரீபா தையல் மெசின் கேட்டாள். அவர்கள் கொம்பியூட்டரை இறக்கிவிட்டுப் போனார்கள். "இத வெச்சி நான் என்னத்தத் தைக்கிற?" என்று அவள் அன்று கேட்டது இன்றும் ஓயவில்லை. ஒன்றில் அதை வெளியே எறியுங்கள், இல்லாவிட்டால் தங்கள் பின்வீட்டுக்குத் தூக்கிப் போடுங்கள் என்பது அவளுடைய தினசரி முறைப்பாடு.

ஜவுபர் பட்டனை அமத்தினான். பெட்டி ஏற்கனவே சூடாக இருந்தது. கடற்கரை வெயில் பொல்லாதது.

திரையில் மணற்குடுவை ஒன்று தலைகீழாகப் புரண்டது. மறுபடியும் புரண்டது. முனவ்வறா பாடசாலையால் வந்தாள், முகம் கழுவினாள், தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள். கேத்தல் கொதித்தது. கொம்பியூட்டர் இன்னும் கொதிக்கவில்லை. ஜவுபரின் மெட்டின் வால் பக்கம் மெல்லக் கழலத் தொடங்கியது.

"முனவ்வறா, சுறுக்கா ஓடி வா! இந்தப் பின்பாதிய நீ புடி!"

"என்னத்தப் புடிக்க?"

"மெட்ட! நான் முன்பாதிய வெச்சிருக்கன். ஒனக்கிட்ட கேக்கிற வரைக்கும் உட்டிராத. ஒருத்தரோடயும் கதையாத!"

பாவம் முனவ்வறா. புருஷனை நம்பினாள். பின்பாதியை முனகிக்கொண்டு குசினிக்குப் போனாள். அங்கே சரீபா வந்தாள்.

"என்ன புள்ள, தேங்கா துருவியாச்சா?"

"ம்ம்... ம்ம்ம்... ம்ம்."

"ஒனக்கிட்டத்தான் கேக்கிற."

"ம்ம்... ம்ம்ம்... ம்ம்."

"பெத்த உம்மாவுக்கு வாயத் திறந்து பதில் சொல்ல ஏலாதா? நான் என்னகா செஞ்சன் ஒனக்கு?" சரீபாவின் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். முனவ்வறா பதறிப்போய், "உம்மா, உம்மா, அப்படியில்ல!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினாள்.

பின்பாதி அத்தோடு போயிற்று.

முன்பாதி மட்டுமாவது மிஞ்சட்டும் என்று ஜவுபர் மியூசிக் சொப்ட்வெயாரைத் திறந்தான். சிவப்பு வட்டத்தை அமத்தி, மைக்கில் பாடினான். பெட்டிக்குள்ளிருந்து புகைபோல ஒரு சூட்டு வாடை. திரை உறைந்தது. சூடுதான் வில்லங்கம் என்று காற்றுக்கு மேசை ஃபேனை இழுத்து வந்து பெட்டிக்கு முன்னால் வைத்தான். கொம்பியூட்டர் உயிர்த்தது. பாடிப் பதிந்து போட்டுக் கேட்டால், பாட்டைக் காணோம். ஃபேன் மட்டும் ஓ என்று இரைந்தது. ஃபேனை நிப்பாட்டினான். திரை மீண்டும் உறைந்தது.

கெட்டிக்காரனுக்கா வழியில்லை? காய்ச்சல்காரனுக்குப் போடுவதுபோல ஒரு சீலையை நனைத்துப் பிழிந்து பெட்டியின் தலையில் போட்டான். இப்போது சத்தமும் இல்லை, சூடும் இல்லை. தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமையாக இருந்தது. மைக்கை எடுத்து வாயைத் திறந்தான்.

'டப்' என்று ஒரு சத்தம். ஒரு சொட்டுத் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போய்விட்டது. முன்வீட்டிலும் கரண்ட் இல்லை, பின்வீட்டிலும் இல்லை.

பின்கதவால் பதியுதீன் மரைக்கார் வந்தார். கல்முனை பசாரில் கடை வைத்திருப்பவர், பள்ளிவாசல் நிர்வாகத்தில் தன் குடிவழிக்காக இருக்கும் மரைக்கார். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தால் விசாரணை என்று அர்த்தம்.

"மருமகன், மோதினாருக்கு ஸலாத்தப் பாட்டாப் படிச்சீங்களாமே?"

"மாமா, அது... மெட்டு வாயில இருந்திச்சு."

"ஸலாம் வாயில இரிக்கணும். மெட்டு எங்கயாச்சும் கிடக்கட்டும். மாமி அழுது கிடக்கா. ஊட்டுல கரண்டும் இல்ல. ஒரு பாட்டுக்கு இவ்வளவு சேதமா?"

முனவ்வறா புருஷனுக்காகப் பரிந்து பேசினாள். "வாப்பா, ஊருக்கொரு பாட்டுத்தானே. மெட்டுக் கிடைக்காட்டி பழைய நாட்டுக் கவி ஒண்டையாச்சும் எடுத்துப் போடலாம்."

"கவியா?" மரைக்காரின் முகம் சிவந்தது. "வயல்ல காவலுக்குக் கிடக்கிறவன் பொம்புளையள நினைச்சுப் படிக்கிற சாமான் அது. மரைக்கார் ஊட்டுக்குள்ள அந்தப் பேச்சே வேணாம்!"

வாசலில் நின்ற சரீபா, "ஓம், ஓம். முதல்ல அந்தப் பொட்டிய எங்கட பக்கம் தூக்குங்க" என்றாள்.

ஜவுபர் தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளிக்கிழமை மைதானத்தில் ஷரிபுதீன் சினிமாப் பாட்டுப் போடுவதையும், யாழ்ப்பாணத்துப் பொடியன்கள் அதற்குக் காலாட்டுவதையும் நினைத்தான். கடைசி நம்பிக்கையாகப் பிரகாசுக்குப் போன் எடுத்தான்.

பிரகாஸ் பாண்டிருப்பைச் சேர்ந்தவன். ஒரு காலத்தில் கிழக்கொளிக்காக ஜவுபரோடு சேர்ந்து பந்தடித்தவன். இப்போது டிப்போ பக்கம் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். வியாழக்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் வந்திறங்கி, கரண்டைச் சரிசெய்து, பெட்டியைக் கழற்றி, காய வைத்து, பூட்டி, முடுக்கிப் பார்த்தான். வீடே சுற்றி நின்றது.

"தண்ணி பட்டதால ஒண்டும் ஆகல்ல. இது ஸ்லோவாக் கிடக்கிறதுக்கு வேற காரணம் இருக்கு, மச்சான். ஹாட் டிஸ்க் கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கு. மூச்சு விட இடமில்ல. எல்லாம் பாட்டு. என்னத்தையடா இவ்வளவும் பதிஞ்சு வைச்சாய்?"

ஜவுபர் நிமிர்ந்தான். நேற்று முழுக்கக் குனிந்திருந்த தலை அது.

"கற்பனை, மச்சான்! வந்தா நிக்காது. டக்கு டக்கெண்டு பதிஞ்சு போட்டிருவன்." பிறகு முனவ்வறாவைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா புள்ள? கொம்பியூட்டருக்கே தாங்க ஏலல்ல" என்றான்.

"அப்ப பழசுகள அழிச்சு விடுறன். இது பறக்கும்."

"அழிக்கப்படாது!"

கத்தியது பதியுதீன் மரைக்கார். சுவரில் இருந்த பல்லி ஓடியது. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் அவர் தொண்டையைச் செருமினார்.

"அது வந்து... ஆரோ நம்பித் தந்த பொட்டி. அமானிதம். அதுக்குள்ள இரிக்கிறத அழிக்க நமக்கு ஹக்கு இல்ல."

"சீடில ஏத்தி வைச்சிட்டு எடுக்கலாம், மரைக்கார். ஆனா சீடி கனக்க வேணும்" என்றான் பிரகாஸ்.

கடையில் ஒரு ஆணியைக்கூடச் சும்மா கொடுக்காத மனுசன், அரை மணித்தியாலத்துக்குள் பசாருக்குப் போய் ஒரு பெட்டி நிறையச் சீடி வாங்கிக்கொண்டு வந்தார். "ஏத்தின உடன என்ட கையில தாங்க. நான் பத்திரமா வெச்சிக்கிறன்" என்றும் சொன்னார். சரீபா பிரகாசுக்கு இனிப்புத் தொதலும் தேத்தண்ணியும் கொண்டுவந்து கொடுத்தாள். மருமகனின் திறமையை மாமனும் மாமியும் கடைசியில் மதித்துவிட்டார்கள் என்று ஜவுபருக்குக் கண் நிறைந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் காலையில் கல்முனைக்குடியில் அவனைவிடச் சந்தோசமான மருமகன் இருந்திருக்க மாட்டான்.

பெட்டி பறந்தது. பாமசிக்குப் போகிற வழியில் அதே பஸ் அதே இடத்தில் அதே மாதிரி உறுமிக்கொண்டு நின்றதால் மெட்டும் முழுசாகத் திரும்பி வந்தது. அன்று பின்னேரம் ஜவுபர் பாடினான், முனவ்வறா அரிசிச் சட்டியில் தாளம் போட்டாள். சிவப்பு வட்டம் சொன்ன சொல் கேட்டது.

வெள்ளிக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. ஷரிபுதீன் பாட்டைப் போட்டான்.

*கடலெடுத்த கம்பத்தைக் கையால நட்டம்,*
*கால் வைக்கும் கூட்டாளி, கவனமா ஆடு!*

முதல் தடவை ஒருவரும் அசையவில்லை. ஷரிபுதீன் கோல் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்று, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தான். இரண்டாம் தடவை பொடியன்கள் விசிலடித்தார்கள். மூன்றாம் தடவை மோதினாரே தலையாட்டியதை ஜவுபர் தன் இரண்டு கண்ணாலும் கண்டான். யாழ்ப்பாணத்து அணிக்காரர்கள் பாட்டின் பிரதி கேட்டு வந்தார்கள். அவர்களை மறித்து நின்று, "ஆர்ட பாட்டு தெரியுமா? என்ட மருமகன்ட!" என்று பதியுதீன் மரைக்கார் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களுக்கே திரும்பவும் சொன்னார்.

ஜவுபரின் கால் நிலத்தில் படவில்லை. பக்கத்தில் நின்ற பிரகாசின் தோளில் கையைப் போட்டான்.

"இது ஒரு பாட்டுத்தான் மச்சான். நீ சீடில ஏத்தின மத்தப் பாட்டெல்லாம் வெளிய வந்தா இந்த ஊரு என்ன சொல்லும்?"

பிரகாஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

"சரியா ஏறியிருக்கோ எண்டு ஒவ்வொண்டையும் போட்டுக் கேட்டன், மச்சான். உன்ட பாட்டு ஒரு சீடிக்கும் காணாது. மிச்சமெல்லாம், 'புள்ள, அந்தச் சிவப்பு வட்டத்த அமத்து' எண்டு சொல்லிப்போட்டு மரைக்கார் காதல் கவி படிக்கிறார், ஒவ்வொண்டுக்கும் உன்ட மாமி எதிர்க்கவி படிக்கிறா!"