மேஸ்திரி போட்ட முடிச்சு

"என்னங்க, கதவு திறக்க மாட்டேங்குது."

"நல்லா இழு."

"இழுத்துட்டேன். நாலு கதவையும் இழுத்துப் பார்த்துட்டேன்."

மேஸ்திரி காரைச் சுற்றி வந்து பார்த்தார். கூரைமேல் விண்ட்சர்ஃபிங் பலகை படுத்திருந்தது. அதைக் கட்டிய கயிறு இந்தப் பக்க ஜன்னல் வழியாக உள்ளே போய், அந்தப் பக்க ஜன்னல் வழியாக வெளியே வந்து, மறுபடி கூரைக்கு ஏறியிருந்தது. முன்னால் மூன்று சுற்று, பின்னால் மூன்று சுற்று. பலகை இம்மியும் அசையாது. கதவுகளும்தான்.

வீடு மாற்றித் தரும் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக மேஸ்திரி அவர். அவர் போட்ட முடிச்சை அவராலேயே அவிழ்க்க முடியாது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வதை இன்றுவரை பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

"அவிழ்த்துட்டு மறுபடி கட்டுங்க" என்றாள் மனைவி.

"அவிழ்க்கிற முடிச்சு இல்ல அது. ஜன்னல் வழியா ஏறு. நேரமாச்சு."

உண்மையில் ஏரியில் மகள் கலந்துகொள்ளும் ஒன்பது மணிப் பாய்மரப் பலகைப் பந்தயத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவர் பறந்ததற்குக் காரணம் மாடி வீட்டு வக்கீல். வக்கீல் மகளும் அதே பந்தயத்தில் கலந்துகொள்கிறாள். "எங்கிட்ட பெரிய வண்டி இருக்கே, உங்க பொண்ணு சாமானையும் நானே கொண்டுவந்துடறேன்" என்று நேற்று மாடிப்படியில் மடக்கிச் சொன்னார். சாமான் தூக்கியே தலை நரைத்தவனிடம் பேசுகிற பேச்சா இது? அதனால்தான் விடிந்தும் விடியாததுமாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு பெண்களும் ஒரே மாதிரிப் பலகைகளை வைத்திருக்கிற சைக்கிள் கொட்டகைக்குப் போனார். அங்கே ஒரு பலகைதான் இருந்தது. வக்கீல் முந்திக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது. விடுவாரா இவர்? பலகையையும், பாயையும், கம்பத்தையும் ஒரே நடையில் தூக்கி வந்து, கீறல் படாமல் இரண்டு போர்வை சுற்றி, கட்டு கட்டென்று கட்டிவிட்டார்.

இன்னொரு காரணமும் உண்டு. போன பந்தயத்துக்கும் இவர்தான் சாமான் கொண்டுபோனார். பாயை வீட்டிலேயே விட்டுவிட்டார். காற்றைப் பிடிக்கப் பாய் இல்லாமல் மகள் கரையில் உட்கார்ந்து மற்றவர்களை வேடிக்கை பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. இந்தத் தடவை ஒரு ஆணிகூடக் குறையாது என்று அவளிடம் சத்தியம் செய்திருந்தார். அவள் முன்னாடியே, பயிற்சி கொடுக்கும் கோச்சுடைய வேனில் ஏரிக்குப் போயிருந்தாள்.

மனைவி ஜன்னல் வழியாகச் சட்டென்று ஏறிவிட்டாள். மேஸ்திரிக்குத் தலை போயிற்று, தோள் போயிற்று, தொந்தி மட்டும் போகவில்லை. உள்ளிருந்து மனைவி இழுக்க, வெளியிலிருந்து பேப்பர்காரர் தள்ள, ஒருவழியாக ஸ்டீயரிங்குக்கு அடியில் போய்த் தலைகுப்புற விழுந்தார்.

"சட்டைப் பொத்தான் ரெண்டு போச்சு."

"பொத்தானைத் தைச்சுக்கலாம். பேப்பர்காரர் முன்னாடி போன மானத்தை என்ன செய்யறது?"

கார் கிளம்பியது. முதல் பிரேக்கில், டிக்கியிலிருந்து இருக்கைகளுக்கு நடுவே நீண்டிருந்த கம்பம் சறுக்கி வந்து ஹாரனைக் குத்தியது. சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒருவர் துள்ளி நடைபாதையில் ஏறினார். மேஸ்திரி வண்டியை ஓரங்கட்டி, கம்பத்தை மனைவியின் இருக்கையோடு சேர்த்துக் கட்டினார். அடுத்த பிரேக்கில் ஹாரன் அடிக்கவில்லை. இருக்கை மல்லாந்துவிட்டது.

"என்னங்க, எனக்கு ரோடு தெரியல."

"நீயா ஓட்டறே? பேசாம கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கோ."

அப்போது டிக்கியில் போன் அடித்தது. இருவர் போனும், லைசென்ஸும், அவள் கைப்பையும் டிக்கியில்தான் இருந்தன. டிக்கி மூடியிலும் அதே முடிச்சு.

"பொண்ணுதான்" என்றார் மேஸ்திரி. "எங்க வர்றோம்னு கேட்பா."

போன் நின்றது. மறுபடி அடித்தது. மனைவி எண்ணிக்கொண்டே வந்தாள்.

"பதினொண்ணு. பாவங்க, போன தடவை மாதிரி ஆயிடுமோன்னு தவிக்கிறா."

மேஸ்திரி ஆக்சிலேட்டரை அழுத்தினார். காற்று புகுந்து கயிறு ஊளையிட்டது. ஒரு போர்வை பிய்த்துக்கொண்டு வந்து முன் கண்ணாடியை மூடியது. அதை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, இன்னொரு போர்வையும் பறக்காமல் பார்த்துக்கொள்ளத் தலையை வெளியே நீட்டியபடி மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்தார். பின்னால் நாற்பது வண்டிகள் சேர்ந்துவிட்டன. முனையில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"இறங்குங்க."

"முடியாதுங்க சார்."

"என்னது?"

"இறங்க வழியில்லைங்க. கட்டியிருக்கு."

"லைசென்ஸ்?"

"டிக்கியில."

"டிக்கியைத் திறங்க."

"அதுவும் கட்டியிருக்குங்க."

போலீஸ்காரர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்து, நகம் பெயர்ந்து, விரலை உதறிக்கொண்டே வந்தார். மேஸ்திரி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மறந்துபோன பாய், கரையில் உட்கார்ந்திருந்த மகள், பதினொரு போன்.

போலீஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா சார். காலங்காத்தால ஒரு திருட்டுப் புகார், வர்ற வேனையெல்லாம் நிறுத்திப் பாருன்னு உத்தரவு. அதை அப்புறம் பார்த்துக்கறேன். பின்னாடியே வாங்க!"

மோட்டார் சைக்கிளில் சைரன் அலற, வழியெல்லாம் விலகிக்கொள்ள, கார் ஏரிக்கரையில் போய் நின்றபோது எட்டு ஐம்பது. மேஸ்திரிக்குப் பெருமை தாங்கவில்லை. வாழ்நாளில் இப்படி ஒரு டெலிவரி செய்ததில்லை.

மகள் ஓடி வந்தாள்.

"அப்பா! போனை எடுக்கவே மாட்டீங்களா?"

"வந்துட்டேன்ல! ஒரு ஆணிகூடக் குறையல, எண்ணிப் பாரு!"

"கோச் வேன்ல இடம் இருந்துச்சுப்பா. என் சாமானையும் விடியக்காலையிலேயே ஏத்தியாச்சு. நீங்க அலைய வேணாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். அதோ, என் பலகை!"

கரையில் அவளுடைய பலகை பாய் கட்டித் தயாராக நின்றது. மேஸ்திரி ஜன்னலுக்கு வெளியே கழுத்தை வளைத்துக் கூரையைப் பார்த்தார்.

"அப்போ... இது?"

போலீஸ்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். கூரையைப் பார்த்தார். மறுபடி காகிதத்தைப் பார்த்தார். தூரத்திலிருந்து அழுதுகொண்டிருந்த மகளின் கையைப் பிடித்தபடி விரைந்து வந்துகொண்டிருந்த மாடி வீட்டு வக்கீலைப் பார்த்து, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

"சார், காலையில நீங்க புகார் குடுத்த பலகை கிடைச்சாச்சு. திருடனையும் அவர் சம்சாரத்தையும், ஒரு சிக்னல்லகூட நிக்க விடாம, நானே சைரன் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டேன்."