ஆவிக்குப் பயப்படாதவரின் கார்

இந்த நாட்டில் ஆவிக்குப் பயப்படாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் கோராட் நகரக் கல்லூரியில் தர்க்கவியல் கற்பிக்கும் தீரயுத். வரலாற்றுச் சிறப்புள்ள இந்தத் தகவலை, பழைய கார் விற்கும் ஜாருனின் கூடாரத்தில், இடுப்பில் கை வைத்தபடி அறிவித்தவரும் தீரயுத்தான்.

"இப்பச் சொல்லு. விலை ஏன் பாதி?"

ஜாருன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"மறைச்சு வித்தா பாவம் சார். இதை வச்சிருந்தவரு அரிசி மில் முதலாளி புன்லெர்ட். நெஞ்சு வலி. இதே சீட்டுல, ஸ்டீயரிங்கைப் பிடிச்சபடியே போயிட்டாரு. பார்க்க வர்றவங்க இதைக் கேட்டதும் செருப்பைக்கூட விட்டுட்டு ஓடுறாங்க."

தீரயுத் காரைச் சுற்றி வந்தார். கறுப்பு. நான்கு கதவுகள். முன்னால் இருந்து பார்த்தால் பந்தயத்துக்குக் கிளம்பும் கார். பின்கதவைத் திறந்தால் மந்திரி இறங்குவார் என்று நினைக்கத் தோன்றும். புதிதாக வாங்குவதென்றால் அவர் மூன்று பிறவி பாடம் நடத்த வேண்டும்.

"அதாவது, பேய்க்காகத் தள்ளுபடி கொடுக்கிற?"

"சிரிக்காதீங்க சார். வண்டிக்குள்ளயே இருந்து கேட்டுட்டு இருப்பாரு."

"கேட்கட்டும். செத்தவனுக்குச் சிவப்பு சோடா வாங்கி வைக்கிற ஜனங்கய்யா நாம. செத்தவனுக்கு எதுக்குடா சோடா? ஏப்பம் வரவா?"

"ஒரு மெக்கானிக்கையாவது கூட்டிட்டு வந்து காட்டுங்க சார்," என்றான் ஜாருன் வருத்தமாக.

"எதைக் காட்ட? பேய்க்கு ஆயில் மாத்தணுமா?"

ஜாருன் கைகூப்பினான். "உங்கள மாதிரி ஆளு ஆயிரத்துல ஒருத்தரு சார்."

தீரயுத் அதை மறுக்கவில்லை.

காரணமில்லாமல் அவர் காருக்கு ஆசைப்படவில்லை. மகள் நம்வானுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு நகைக்கடை. மகளைப் பன்னிரண்டு வருஷம் ஓட்டை மோட்டார் சைக்கிளில், மழையில், பிளாஸ்டிக் உறையைப் போர்த்திப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் அவர். கல்யாண ஹோட்டல் வாசலிலாவது அவள் ஒரு ராஜகுமாரிபோல இறங்கவேண்டும், கதவை அவரே திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை. தர்க்கவியல் ஆசிரியர்கள் இப்படிப்பட்ட விஷயங்களை வெளியே சொல்லக்கூடாது.

கார் வீட்டு வாசலுக்கு வந்ததும் மனைவி பைலின் முகர்ந்து பார்த்தாள்.

"என்ன நாத்தம் இது?"

"அசல் தோல் வாசனை. நாம பிளாஸ்டிக்லயே உக்காந்து பழகிட்டோம்."

"தோல்தான். யாரோட தோல்னுதான் கேக்குறேன்."

விஷயம் தெரிந்ததும் அவள் இரண்டடி பின்வாங்கி, காரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "பிக்குவைக் கூப்பிட்டு மந்திரிச்சு, கூரையில மாவுப் பொட்டு வைக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் ஏற மாட்டேன்."

"என் காரோட நெத்தியில ஒருத்தரும் மாவு பூச முடியாது."

மறுநாள் மத்தியானம், தெருவே சாப்பாட்டில் இருந்தபோது, கார் தானாக ஹாரன் அடித்தது. பிறகு நான்கு கண்ணாடிகளும் சேர்ந்தாற்போல் இறங்கின. மழை இல்லாத வானத்தின் கீழ் வைப்பர் இரண்டும் நிதானமாக ஆடின.

எதிர்வீட்டு நொயெ அத்தை சோற்றுக் கிண்ணத்தோடு வெளியே வந்தாள். "வாத்தியாரே, உங்க வண்டியில யாரு?"

"யாரும் இல்ல அத்தை. ரிமோட்ல அலைவரிசைக் குழப்பம். பக்கத்துல எங்கயோ ஒரு டவர் இருக்கு."

"டவருக்கு ஏன் முகம் தொடைக்கிற ஆசை?"

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பால்காரன் அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போனான். தீரயுத் பொறுத்துப் பார்த்தார். நம் ஊரில் ராசியில்லாத நிறத்தில் கார் வாங்கியவர்கள், பச்சைக் காரின் மேல் 'இந்தக் கார் வெள்ளை' என்று ஒட்டிவைத்துத் தலையெழுத்தை ஏமாற்றுவது வழக்கம். தீரயுத் அதைக் கேலி செய்து கட்டுரையே எழுதியிருக்கிறார். ஆனால் உண்மையை எழுதி ஒட்டுவதில் தவறில்லை என்று அவருக்குத் தோன்றியது. கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டினார்: 'இந்தக் காரில் ஆவி இல்லை.'

நொயெ அத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"எங்க வண்டியிலயும்தான் இல்ல. நாங்க ஒட்டிக்கிட்டா திரியுறோம்?"

அன்று மாலையே பவுடர் டப்பாக்களோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். சாவு விழுந்த வண்டியில் பவுடரைத் தேய்த்தால் லாட்டரி எண் தெரியும் என்பது யாரும் கற்றுக்கொடுக்காமலே எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. பானெட்டைத் தேய்த்தார்கள், கதவைத் தேய்த்தார்கள். கறுப்புக் கார் குழந்தையின் கன்னம்போல ஆனது. ஒருத்திக்கு நான்கு தெரிந்தது, இன்னொருத்திக்கு ஏழு. கடைசியில் எல்லோரும் நம்பர் பலகையில் இருந்த எண்ணிலேயே லாட்டரிச் சீட்டு வாங்கினார்கள்.

அதற்கே பரிசு விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு தீரயுத் தம் வீட்டுக்குள் நுழைய வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. பக்கக் கண்ணாடிகளில் வேண்டுதலாக ஏழு நிறத் துணி கட்டினார்கள். பம்பரின் முன்னால் சிவப்பு சோடா பாட்டில்கள் ஸ்ட்ராவோடு நின்றன. அவர் ஒட்டிய தாளைக் கிழித்தார். "பாரு, இல்லைன்னு சொன்னது அவருக்குப் பிடிக்கல, அவரே கிழிச்சுட்டாரு," என்றது கூட்டம்.

"நான்தாய்யா கிழிச்சேன்!"

"உங்க கையை வச்சுக் கிழிச்சாரு வாத்தியாரே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தர்க்கவியலில் இதற்குப் பதில் இருக்கிறது. ஆனால் அது மூன்றாம் ஆண்டில்தான் வரும்.

சம்பந்தியம்மாவுக்கும் செய்தி போனது. பொண்ணு அந்த வண்டியில் வந்து இறங்கக்கூடாது என்று போனில் சொல்லிவிட்டாள். நம்வான் அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, பைப்பா மாமா பிக்கப்ல போயிடலாமே. பூ வச்சு அலங்காரம் பண்ணினா நல்லாத்தான் இருக்கும்."

"மாமா அதுல பன்னி ஏத்துறாருடி."

"கழுவித் தருவாரு."

"இன்னிக்கு வண்டிய விட்டுக்கொடுத்தா, நாளைக்கு உன் புருஷன் வீட்டுல ஒவ்வொண்ணுக்கும் ஜோசியனைக் கேட்டுத்தான் நீ மூச்சு விடணும். நான் உனக்காகத்தான் நிக்கிறேன்."

"சரி. மாமியார்கிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா வண்டி வழியில நின்னுடாதுல்ல?"

"பேய் இருந்தாத்தான் நிக்கும்."

கல்யாணத்தன்று காலை ஒன்பது மணி ஒன்பது நிமிஷத்துக்கு நல்ல நேரம். பைலின் தன் தம்பி பைப்பாவின் பிக்கப்பில் முன்னாலேயே போய்விட்டாள். தீரயுத் ஏழு நிறத் துணிகளை அறுத்தெறிந்து, பவுடரைத் துடைத்து, பொன்னிறப் பட்டு உடுத்திய மகளுக்குப் பின்கதவைத் திறந்துவிட்டார். அந்த ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகவே இருந்தது. நம்வான்கூடச் சிரித்தாள்.

மித்ரபாப் நெடுஞ்சாலையில் ஏறியதும் ஹாரன் அடிக்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை.

"அப்பா!"

"டவர்."

கண்ணாடிகள் இறங்கின. லாரிப் புகை முழுக்க மணப்பெண்ணின் கொண்டைக்குள் புகுந்தது. முன்சீட்டு தானாகப் பின்னால் நகர்ந்து அவள் முழங்காலை அழுத்தியது. ஏசியிலிருந்து மண்வாடை அடித்தது. அடுத்த சிக்னலில் கார் ஒருமுறை பெருமூச்சு விட்டு நின்றது. நான்கு கதவுகளும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. அதற்குப் பிறகுதான் ஹாரன் நின்றது; சாக வேண்டியது எல்லாம் செத்துவிட்டதால்.

போன் அடித்தது. பைலின். "பிக்குமாரு வந்தாச்சு, மாப்பிள்ளை வந்தாச்சு. பொண்ணு எங்கய்யா?"

"அஞ்சு நிமிஷம்."

நம்வான் பட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். கண்ணாடி வழியாக ஒரு காலை வெளியே போட்டாள். தர்ப்பூசணி ஏற்றிய பிக்கப் ஒன்று ஓரமாக நின்றது. ஓட்டுநர் பெண் இறங்கி வந்து, மணப்பெண்ணை இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டாள். பட்டு எங்கேயோ மாட்டிக் கிழிந்தது.

"நீங்களும் வாங்க சார், பின்னாடி பழத்து மேல உக்காந்துக்கலாம்," என்றாள் அந்தப் பெண்.

தீரயுத் தர்ப்பூசணிகளைப் பார்த்தார். நகைக்கடைக்காரர்கள் வரிசையாக நிற்கும் ஹோட்டல் வாசலை நினைத்துப் பார்த்தார்.

"நீ போம்மா. நான் வண்டியிலயே வந்துடுறேன். ஒயர் ஏதோ லூசு."

நம்வான் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "நீங்க என்னைக் கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போகலப்பா. உங்க வாதத்தைக் கூட்டிட்டுப் போனீங்க. நான் அதுகூட ஏறிக்கிட்டேன். அவ்வளவுதான்."

பிக்கப் கிளம்பியது. ஒரு தர்ப்பூசணி உருண்டு விழுந்து உடைந்தது.

தீரயுத் ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினார். மறுபடி அமுக்கினார். அவரும் கண்ணாடி வழியாகவே இறங்கி, பானெட்டைத் திறந்து, புரிந்ததுபோல் தலையாட்டி மூடினார். காரைத் திட்டினார். பிறகு தட்டிக்கொடுத்தார். போனில் பைலின் அனுப்பிய படம் வந்தது: மகள் மண்டியிட்டிருக்கிறாள், சம்பந்தி அவள் கையில் ஆசீர்வாதமாகச் சங்குத் தீர்த்தம் ஊற்றுகிறார், பக்கத்தில் அப்பா உட்கார வேண்டிய மெத்தை காலியாக இருக்கிறது. அடுத்து ஊற்ற வேண்டியது அப்பாவின் முறை. காத்திருக்கிறார்களாம்.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். மாணவர்கள் யாரும் கண்ணில் படவில்லை. மூலைக் கடைக்குப் போய், குரலைத் தாழ்த்தி, ஒரு கட்டு ஊதுபத்தியும் ஒரு சிவப்பு சோடாவும் கேட்டார்.

"ஸ்ட்ரா வேணுமா?"

"... ம்."

பம்பருக்கு முன்னால், தார் ரோட்டில், கல்யாணக் கோட்டோடு தர்க்கவியல் ஆசிரியர் மண்டியிட்டார். ஊதுபத்திப் புகை கண்ணில் பட்டுக் கண்ணீர் வந்தது. புகையால்தான் என்று வைத்துக்கொள்வோம்.

"ஐயா, நான் பேசினதெல்லாம் தப்பு. மனசுல வச்சுக்காதீங்க. ஹோட்டல் வரைக்கும் மட்டும் ஓடவிடுங்க. என் பொண்ணு கையில ஒருவாட்டி தண்ணி ஊத்தணும். அப்புறம் நீங்க என்ன வேணா பண்ணிக்குங்க."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். தொந்தியும் தொப்பியுமாக ஒரு பெரியவர், கையில் பவுடர் டப்பாவோடு நின்றார்.

"நம்பர் குடுக்குற வண்டி இதுதானே? வீட்டுக்குப் போனேன், இந்தப் பக்கம் போயிருக்குன்னாங்க. நீங்க முடிச்சுட்டுச் சொல்லுங்க, நான் லேசா தேய்ச்சுக்கிறேன். ஆமா, யாரைக் கும்புடுறீங்க?"

"இந்தச் சீட்டுலயே உயிரை விட்டவரை. அரிசி மில் முதலாளி புன்லெர்ட் ஐயாவை."

பெரியவர் டப்பாவை மூடினார். தீரயுத்தின் பக்கத்தில் மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, சோடாவை எடுத்து, ஸ்ட்ராவில் ஒரு இழுப்பு இழுத்தார்.

"நான்தான் தம்பி புன்லெர்ட், வெள்ளத்துல ஒரு வாரம் முழுகிக் கிடந்த வண்டின்னு சொன்னா எவனும் வாங்க மாட்டான்னு, படிச்சவங்க வந்தா மட்டும் இந்த ஜாருன் என்னைச் சாகடிச்சுடுறான்."