கதவுக்குப் பின்னால் நின்று மாமாவைச் சுட்டது

நான் இதுவரை ஒரே ஒருவரைத்தான் சுட்டிருக்கிறேன். அவர் என் அக்காவின் கணவர். மூன்றடி தூரத்தில், நேர் மார்பில், ஷாட்கன்னால். (ஆள் நலமாக இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமைகூட எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.)

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரில் தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்த காலம். நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்கா கல்யாணமான ஒரு வருடத்தில் பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். ஒன்பது நாளாகியும் மாமா எட்டிப் பார்க்கவில்லை.

பிலிப் மாமாவிடம் குடி கிடையாது, பீடி கிடையாது. துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். கேட்டுக்கு வெளியே லாரி வரிசையில் ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம் நின்று சரக்கை இறக்கிவிட்டு, நேராக பிரவுசிங் சென்டருக்குப் போய்விடுவார். அங்கே எட்டு கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்து, இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர் என்று சுட்டுக்கொள்ளும் விளையாட்டு. அக்கா சோற்றை வடித்துவிட்டுக் கதவருகே உட்கார்ந்து, காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காத்திருப்பாள். அவரோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி உள்ளே வருவார். சண்டை நடக்கும். மறுநாள் சமாதானத்துக்கு வறுத்த மீன் ஒரு பொட்டலம் வரும். பத்துப் பொட்டலம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அக்கா கிளம்பி வந்துவிட்டாள்.

வந்த இடத்தில்தான் அவளுக்கு இரண்டு மாதம் என்று தெரிந்தது. அது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். (ஒற்றை அறையில் எனக்குத் தெரியாமல் வைக்க இடமில்லை.)

"இது தெரிஞ்சா அடுத்த நிமிசம் ஓடியாந்துருவாரு. புள்ளைக்கோசரம் வர்ற ஆளு எனக்கு வாணாம்டா. எனக்கோசரம் வரட்டும்" என்றாள் அக்கா. மாதா படத்தின் மேல் என் கையை வைத்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மா என்னை மாமாவிடம் அனுப்பினாள். "நல்லபடியா பேசி இட்டுகினு வா. வாய மூடிகினு இரு." (பேசவும் வேண்டும், வாயை மூடிக்கொண்டும் இருக்க வேண்டும். அம்மாவின் உத்தரவுகள் எல்லாம் இந்த வகைதான்.)

சென்டரில் அன்று பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் நால்வர் போட்டிக்கு வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஒருவன் வரவில்லை. மாமா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார்.

"மச்சான்! கரெக்டான நேரத்துக்கு வந்த. ஒரு ஆளு கொறையுது, குந்து."

"மாமா, அக்கா இன்னா சொல்லுதுன்னா..."

"அப்பால சொல்லு. இது மானப் பிரச்சினை. ஜெயிச்சா இங்கேர்ந்து நேரா உங்க வூட்டுக்கு வரேன்."

"தோத்தா?"

"தோத்தா எந்த மூஞ்சிய வச்சிகினு வர்றது?"

ஆக, என் அக்காவின் வாழ்க்கை என் வலது கையில் இருந்த மவுஸுக்குள் வந்துவிட்டது. அதற்கு முன்னால் அந்தக் கையால் நான் சாதித்தது தேர்வு முடிவு பார்த்தது மட்டும்தான். அந்த முடிவும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

குறிபார்க்கத் தெரியாதவனுக்கு ஷாட்கன்தான் சரி என்று மாமா விளையாட்டுக் காசில் அதை எனக்கு வாங்கிக் கொடுத்தார். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"தூரத்துல கீறவன சுடாத. குண்டு சிதறிப் பூடும், கொசு கடிச்ச மாதிரி கூட இருக்காது. கதவு பின்னாடி நில்லு. அவன் மூஞ்சி ஸ்கிரீன் ஃபுல்லா தெரியணும், அப்ப அடி. அடிச்சிட்டு உடனே மறைஞ்சிக்கோ. தோட்டா ஒண்ணொண்ணாத்தான் உள்ள போவும், வெட்டவெளில நின்னு ரொப்பிகினு இருக்காத."

"எவ்ளோ நேரம் மாமா நிக்கறது?"

"நான் கேட்டாண்ட ஆறு மணி நேரம் நிக்கறேன். ஹாரன் அடிச்சா தொறந்துடுவானா? பொறுமையா நில்லு. கிட்ட வருவான்."

முதல் ஆட்டத்தில் மைதானத்தின் அந்தக் கோடியில் தெரிந்தவனை நோக்கி இருந்த தோட்டா எல்லாவற்றையும் சுட்டேன். அவன் நின்று, திரும்பிப் பார்த்து, அவசரமே இல்லாமல் நடந்து வந்து என்னைக் கொன்றான். இரண்டாவது ஆட்டத்தில் தோட்டா நிரப்பும்போது செத்தேன். மூன்றாவதில்தான் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒருவன் ஓடி வந்தான், முகம் திரை முழுக்கத் தெரிந்தது, அடித்தேன். பறந்து போய் விழுந்தான். அடுத்த ஆட்டத்திலும் ஒருவன். "கதவாண்ட எவனோ கீறான்டா!" என்று எதிர்வரிசையில் ஒரு பையன் அலறியது ஹெட்போனைத் தாண்டிக் கேட்டது. அதுவரை என்னைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அரைமணி நேரம் அக்காவை மறந்துவிட்டேன்.

இரண்டு பக்கமும் சமமாகி, கடைசி ஆட்டம் வந்தது. எங்கள் பக்கம் மாமாவும் நானும் உயிரோடு இருந்தோம். அவர்களில் ஒருவன் மிச்சம். மாமா அவனைத் தேடிப் போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

ஒரு சத்தமும் இல்லை. கதவுக்குப் பின்னால் தனியாக நின்றால் நேரம் நகராது. வருவானா, மாட்டானா, வந்தால் எந்தப் பக்கமாக வருவான் என்று காது வலிக்கிற அளவுக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். என்னால் இரண்டு நிமிடம்கூடத் தாங்க முடியவில்லை. அப்போதுதான் அக்கா ஞாபகம் வந்தது. ஒரு வருடமாக ராத்திரிதோறும் அவள் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்ததும் கண் கலங்கியது. திரை மங்கலாகிவிட்டது.

மங்கிய திரையில் திடீரென்று ஒரு உருவம். காலடிச் சத்தமே இல்லை. முகம் திரை முழுக்க இருந்தது. அடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கச்சிதமாக நான் ஒரு காரியத்தைச் செய்ததில்லை.

பக்கத்து நாற்காலியில் மாமா, "அய்யோ!" என்றார்.

அந்த விளையாட்டில் சொந்தக் கட்சிக்காரன் சுட்டாலும் சாவு சாவுதான். ஷிப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு நடந்தால் காலடி கேட்காது. மாமா வீட்டுக்குள் வருவது போலவே விளையாட்டிலும் பூனை மாதிரி வந்திருக்கிறார். நான் வாயைப் பிளந்து நின்றபோது பெரம்பூர்க்காரன் ஜன்னல் வழியாக வந்து என்னையும் முடித்தான். தோற்றோம்.

"உன்ன காப்பாத்தத்தானேடா திரும்பி வந்தேன்! நான்தான்னு தெரியல?"

"வரும்போது நான்தான்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா மாமா?" என்றேன். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. பத்தொன்பது வயது, மீசை முளைத்தவன். அவர் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல் ரகசியமாகச் சொன்னேன்: "அக்கா முழுவாம கீது மாமா. ரெண்டு மாசம். சரியா துன்றதில்ல. வூட்டுக்கு வா மாமா."

ரகசியமாகச் சொன்னதாக நான்தான் நினைத்துக்கொண்டேன். காதில் ஹெட்போன் இருந்தது. (ஹெட்போன் மாட்டியவனுக்குத் தன் குரல் தனக்குக் கேட்காது என்பதை அன்றுதான் கற்றேன்.) கழற்றிப் பார்த்தால் சென்டரே எழுந்து நின்றுகொண்டிருக்கிறது. பெரம்பூர்க்காரன் ஒருவன் வந்து மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வாழ்த்துக்கள்ணா" என்றான்.

மாமா திரையில் குப்புறக் கிடந்த தன் உடம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"மாமா, நான் சொன்னேன்னு அக்காவாண்ட சொல்லிடாத. மாதா மேல சத்தியம் பண்ணிக்கீறேன்."

"என்னத்தான் சுட்டுட்டியே மச்சான். செத்தவன் எங்க பேசப் போறான்?"

வழியில் ஒரு தள்ளுவண்டியில் ஏதோ பொட்டலம் வாங்கிக்கொண்டார். நான் இருந்த இருப்பில் என்னவென்று பார்க்கவில்லை. எங்கள் வாசலில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, செருப்பைத் தரையில் தட்டி, "நான்தான்" என்று குரல் கொடுத்தார். அக்கா கதவைத் திறந்து, "இன்னாத்துக்கு வந்த?" என்றாள்.

"உன் தம்பி என்ன சுட்டுட்டான். புகார் குடுக்க வந்தேன்."

அக்கா சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. அன்று சாயங்காலமே அவரோடு போனாள். நாலு நாள் கழித்து அவளாகவே விஷயத்தைச் சொன்னபோது, மாமா அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி குதித்தாராம். நான் செய்த துரோகம் எங்கள் இருவரோடு போயிற்று என்று நினைத்தேன்.

இருபது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. கல்யாணமோ, கருமாதியோ, நான் உள்ளே இருக்கும் எந்த வீட்டு வாசலிலும் மாமா நின்று, "நான்தான் மச்சான், சுட்டுடாத" என்று சொல்லாமல் நுழைவதில்லை. அக்கா மகள் ஜூலி பேசத் தொடங்கியபோதே இதையும் சொல்லப் பழகிவிட்டாள்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, "அக்கா, அன்னிக்கு மாமாவாண்ட நான் சொல்லிட்டேன்" என்று போட்டு உடைத்தேன்.

அவள் தலை நிமிரவில்லை. "தெரியும்டா. சண்டைன்னா வறுத்த மீன் வாங்கினு வர்ற மனுசன், அன்னிக்கு மாங்கா பத்தை வாங்கினு வந்தாரு."

"அப்புறம் ஏன் கூடப் போன? புள்ளைக்கோசரம் வந்தா வாணாம்னியே?"

"பொட்டலத்தப் பாத்ததும் போவக்கூடாதுன்னுதான் நெனச்சேன். சரி, எத்தினி நாளு வாய மூடிகினு இருக்காருன்னு பாக்கலாம்னு போனேன். நாலு நாளும் வெளக்கு வைக்கறதுக்குள்ள வூட்டுக்கு வந்தாரு. புள்ளையப் பத்தி ஒரு வார்த்த கேக்கல. நீ துன்னியா, நீ தூங்குனியான்னு என்னத்தான் கேட்டுகினு இருந்தாரு. அப்பால எனக்கே பாவமா பூட்ச்சி, சொல்லிட்டேன்."

வாசலில் செருப்பைத் தட்டும் சத்தம் கேட்டது. "நான்தான்" என்றார் மாமா. அக்கா கையைக் கழுவிக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.