எண் இல்லாத செடி

நீர் சேமிப்புத் துறையின் மேலான ஆணைப்படி, மாதக் கடைசிக்குள் வீட்டுக்கு ஒரு பாலைச்செடி வளர்த்தாக வேண்டும். வளர்க்காத வீட்டின் குடிநீர்க் குழாய் துண்டிக்கப்படும். நான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய இரும்புக் கடை நடத்துகிறவனுக்குத் தோட்டம் துரவெல்லாம் ஏது? ஆனால் கொல்லைச் சுவரோரம் அதே செடி தானாக முளைத்து, ஏழு வருஷமாக என்னிடம் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல், மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது.

ஆய்வாளர் வந்தார். செடியைச் சுற்றி வந்தார்.

"எண் எங்க?"

"செடிக்கு எதுக்கு சார் எண்?"

"துறை கொடுத்த கன்னுல எண் இருக்கும். இதுல இல்ல. அப்ப இது களை."

"யோவ், ரெண்டும் ஒரே செடிதான்யா!"

"களை வளர்த்தா அது தனிக் குற்றம்."

ஆட்களை விட்டு வேரோடு மண்ணோடு தோண்டி வண்டியில் ஏற்றினார். அதே குழியில் துறையின் கன்றை நட்டு, ஒரு பதிவேட்டையும் என் கையில் திணித்தார். காலை இரண்டு குடம், மாலை இரண்டு குடம், ஊற்றியதும் கையெழுத்து.

"தண்ணி வேணாம்னுதானே சார் இந்தச் செடி?"

"தண்ணி இல்லாம இருக்கப் பழகற வரைக்கும் தண்ணி வேணும்ல?"

குழாய் போய்விடுமே என்று ஊற்றினேன். தெருவே ஊற்றியது. ஒரே வாரத்தில் குழாயில் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீரைச் சண்டை போட்டுப் பிடித்து, செடிக்கு ஊற்றிவிட்டு, மிச்சத்தில் முகம் துடைத்துக்கொண்டோம். மூன்றாம் வாரம் தெருவிலுள்ள கன்றெல்லாம் வேர் அழுகிச் செத்தது. பதிவேட்டில் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

கெடுவுக்கு இரண்டே நாள். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பின்பக்கக் குப்பைமேட்டில், இவர்கள் வீசியெறிந்த என் செடி வேர் பிடித்து, ஜம்மென்று பூத்து நின்றது. கழுத்தில் எண் போட்ட தகடு. பக்கத்தில் பலகை: 'துறையின் தீவிரப் பராமரிப்பில் வளர்ந்த மாதிரிச் செடி. விற்பனைக்கு.'

வந்ததே எனக்குக் கோபம்! உள்ளே போய் மேசையைத் தட்டினேன், கத்தினேன், வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். கடைசியில் பாதி விலைக்கு மடக்கித் தலையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இது நம்ம செடிதானேங்க?"

"அதனாலதான்டி பாதி விலை! வேற எவனுக்காவது கொடுப்பானா?"

நட்டேன். தகட்டைத் துடைத்து எண்ணைச் சரிபார்த்தேன். இரண்டு குடம் ஊற்றிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.